மீன்கடைக்காரியின் பழைய ஐடி

டொக். பிறகு காய் உருண்டு போய்க் குழியில் விழும் சத்தம். பல்லாவரத்தில் ஏறிய யாரோ கைப்பேசியில் கேரம் ஆடுகிறார். ஒலியைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். தண்டவாளங்கள் ஓடுகின்றன, மனசு பின்னால் ஓடுகிறது.

நானும் ஆடியவன்தான். ஒன்றரை வருஷம். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கிண்டியில் ஓர் அலுவலகம், போக ஒரு ரயில், வர ஒரு ரயில், மேசையில் நான் எழுதிப் பாதியில் நின்ற வரிகள். எதிலும் அரைமணி நேரம் உட்காராத மனசு அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் மட்டும் உட்கார்ந்தது. எதிரே ஆடுகிறவரின் முகம் தெரியாது. ஒரு மஞ்சள் பூவின் படம், அதன் கீழே ஓர் ஐடி, அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் அந்தப் பூவோடு ஆட்டம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, யாரும் பேசி வைக்காதது. முதலில் ஒரு போர்டு, பிறகுதான் பேச்சு. பேச்சென்றால் என்ன பேச்சு. அங்கே மழையா, ரயில் லேட்டா, தலைவலி போச்சா. சில நாள் ஆட்டத்தின் நடுவே, ஆள் வருது சார், ஒரு நிமிஷம் என்று எழுதிவிட்டுப் பூ காணாமல் போகும். ஏதோ செல்போன் கடையில் வேலை பார்க்கும் இளைஞன் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் போர்டு இல்லாமல் செய்தி வந்தது. போட்டியில் ஃபைனலுக்கு வந்திருக்கிறேன் சார், எனக்கு ஓட்டுப் போடுங்க, அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். கீழே ஒரு லிங்க். தட்டினேன். அதே ஆட்டத்தின் பக்கம், அதே பச்சை, அதே சின்னம். என் எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். ஆறு இலக்க ஓடிபி வந்து விழுந்தது. இதையெல்லாம் செய்யாதே என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம்தான். ஆனால் அந்த எச்சரிக்கை எல்லாம் அந்நியர்களைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். இது பூ.

மூன்று எண்கள் தட்டியிருப்பேன். சரி, ஒரு போர்டு ஆடிவிட்டுப் போடுகிறேனே என்று எழுதினேன். சந்தேகத்தில் அல்ல, பழக்கத்தில். டைம் இல்லை, சீக்கிரம் என்று பதில் வந்தது. ஒன்றரை வருஷத்தில் பூ என்னை ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. விரலை எடுத்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை. வெயிலில் நடந்து வந்து, போன வீடு பூட்டியிருப்பதைப் பார்க்கும்போது ஓர் அலுப்பு வருமே, அதுதான் வந்தது.

மறுநாள் வேறொரு ஐடியிலிருந்து செய்தி. சார், நான்தான். பழைய ஐடி போச்சு, எவனோ புடுங்கிட்டான். நான் பதில் போடவில்லை. அடுத்து, எம்புள்ளகிட்ட இது நான்தான்னு நீ சொல்லு சார் என்று கெஞ்சல், கூடவே அந்தப் பிள்ளையின் ஐடி. முதலில் ஓட்டு, இப்போது பிள்ளை. நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் இப்படி இருந்தது: நம்பலன்னா வந்து பாரு சார். அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்பாண்ட மீன் வித்துகினு கீறேன்.

ஏமாற்றுகிறவர்கள் லிங்க் தருவார்கள். உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தரமாட்டார்கள். ஒருவரை நம்புவதற்கு இப்போதெல்லாம் டிக்கெட் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் கூடையோடு வருகிறவள். முன்னால் சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஐஸ் தூளில் படுத்திருந்தன. பக்கத்தில், பிளாஸ்டிக் கவருக்குள் கைப்பேசி. நான் என் ஐடியைச் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், நெஜ ஆளான்னு பாக்க வந்தியா?"

"ஆமாம்மா."

"பாத்துக்கோ. நானும் ஒன்ன காலேஜ் படிக்கிற புள்ளன்னு நெனச்சேன். தலையெல்லாம் நரச்சு கீது."

எனக்கு அப்போதும் சந்தேகம் முழுசாக விடவில்லை. ஒரு போர்டு ஆடலாமா என்று கேட்டேன். ஆட்காட்டி விரலை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு முழம் இடைவெளியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு கைப்பேசியில் ஆடினோம். சிவப்புக் காயை அவள் எப்போதும் போல ஓரத்தில் இடித்துத்தான் போட்டாள். தோற்றேன். நம்பினேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். மூன்று மாதமாகக் கூட ஆடிய ஒருவன், அக்கா அக்கா என்று உருகியவன், ஆட்டத்துக்கு இலவசக் காசு என்று லிங்க் அனுப்பியிருக்கிறான். வந்த ஓடிபியை இவள் போட்டிருக்கிறாள். அந்த நிமிஷமே ஐடி கையை விட்டுப் போய்விட்டது. அவன் இவள் பேரில் எல்லோருக்கும் வலை வீசியிருக்கிறான். எனக்கு. அவள் மகனுக்கும்.

மகன் வளைகுடாவில் ஏதோ கிடங்கில் இருக்கிறான். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை இவள் வாசலோடு திருப்பி அனுப்பியதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் அழைப்பு அனுப்புவான். மூன்று போர்டு, ஒரு வார்த்தை இருக்காது. அவன் நிதானமாக அடித்தால் நன்றாக இருக்கிறான், தாறுமாறாக அடித்தால் வேலையில் ஏதோ தொல்லை. அதை வைத்துத்தான் இவள் பிள்ளையைத் தெரிந்துகொண்டிருந்தாள். லிங்க் போனதும் அவன் பழைய ஐடியை விலக்கிவிட்டான். புது ஐடியையும் போலி என்று இரண்டு முறை தள்ளிவிட்டான்.

"அவன் நம்பாததுதான் கரெக்டு சார். ஆனா என்னையே நம்பலன்னா நான் எங்க போவேன்? நாளிக்கு ஞாயித்துக்கெழம."

அவனை ஆட்டத்துக்கு அழைத்தேன். முன்பின் தெரியாத எவனோ ஆட வருகிறான் என்று ஏற்றுக்கொண்டான். நடுவில் எழுதினேன்: உன் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். புது ஐடி அவருடையதுதான். நான் சொல்வதை நம்ப வேண்டாம். அம்மாவின் நம்பர் உன்னிடம் இருக்கும், அதில் கூப்பிட்டு நீயே கேட்டுக்கொள்.

என்னைத் தோற்கடித்துவிட்டுப் போய்விட்டான். அவள் யாருக்கோ மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில்கள் அரிவாள்மணையைச் சுற்றித் தெறித்தன. பேருந்துகள் வந்தன, போயின. அவள் கைப்பேசி அடித்தபோது ஈரக் கையோடு கவருக்கு மேலேயே தேய்த்தாள். ஸ்பீக்கர் போட்டாள்.

"யாரு?" என்றது குரல்.

"நான்தான்டா."

"ஓடிபி குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"இன்னாத்துக்குக் குடுத்த?"

"அக்கான்னு கூப்ட்டான்டா."

எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் அவன் பக்கத்திலிருந்து கேட்டது. சரி, புது ஐடியைச் சேர்த்துக்கொள்கிறேன், வெச்சிடு என்றான். அவளுக்கு முன்னால் அவனே வைத்துவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, இரண்டு வருஷத்துக்கு.

அவள் ஐஸை அள்ளி மீன்மேல் போட்டாள்.

"தொண்ட கட்டிகினு கீது அவனுக்கு. ஏசியிலயே கெடக்குறான் போல."

ஆமாம் என்றேன். எழுந்தேன். முட்டி வலித்தது. ஷேர் ஆட்டோ வந்து நின்றது, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, வரேம்மா என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எவன் இன்னா அனுப்புனாலும் தொடாத சார். நான் அனுப்புனாலும் தொடாத. இங்க வந்து கேளு."