மில் கேட்டில் கைச் சோதனை

என் தம்பியின் வாயை முகர்ந்து பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் மில் மானேஜர். அவன் வாயை மட்டுமா? பஞ்சைச் சீவுகிற கார்டிங்கிலும், பொதியைப் பிரித்து உதறுகிற புளோ ரூமிலும் வேலை செய்த அத்தனை ஆண்களின் வாயையும். காலை ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் நின்று, ஒவ்வொருவனையும் ஊதச் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, கஞ்சா போதையில் இருக்கிறானா இல்லையா என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். பல் தேய்க்காமல் வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் நான் டிஸ்பென்சரி நர்ஸ். எங்கள் ஊர் அகரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, கிணறும் வற்றிப் போக, தம்பியை நான்தான் வளர்த்தேன். மானேஜரிடம் நடையாய் நடந்து அவனுக்கு கார்டிங்கில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கல்யாணமும் செய்து வைத்தேன். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். இந்தக் கதை நடந்தபோது அவன் மனைவி மாசமாக இருந்தாள்.

கார்டிங் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முள் முள்ளாகக் கம்பி சுற்றிய பெரிய உருளை ஒன்று அதற்குள் சுழலும். பஞ்சைச் சீவுவது அதுதான். சுவிட்சை அணைத்தால் சத்தம் அடங்குமே தவிர, உருளை உடனே நிற்காது. கனத்த சாமான், தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளே அடைத்த பஞ்சை எடுத்தால் மேஸ்திரி கத்துவார். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போன அந்த நிமிஷமே மூடியைத் திறந்து கையை விட்டுப் பஞ்சை வாரிவிடுவார்கள். கரண்ட் போனால் யாரும் யாரையும் திட்ட முடியாதல்லவா? அப்படி வாரப் போன ஒருவனின் விரல்களைத்தான் ஒரு நாள் என் மேஜை மேல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. மானேஜருக்கு அது போதும். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. "நர்ஸம்மா, நாளையிலிருந்து நீங்கதானுங்க கேட்டுல நிக்கோணும். மூணாவது தடவை மாட்டுறவன் வேலையில இருக்க மாட்டானுங்க" என்றார். கண்ணைப் பார்த்தால் தெரியும் என்று டவுன் டாக்டர் யாரோ சொல்லியிருந்தார். பஞ்சுத் தூசியில் நிற்கிறவனுக்குக் கண் எப்போதுமே சிவப்புத்தான் என்று யூனியன்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அதனால் கண்ணை விட்டுவிட்டோம். வாய் நாற்றமும் கை நடுக்கமும் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. என் முன்னால் வந்து நிற்கிறவன் ஊத வேண்டும். பிறகு நான் என் கைகளை நீட்டிக் காட்டுவேன். அவனும் அதேபோல் உள்ளங்கை கீழே இருக்க நீட்ட வேண்டும். நடுங்கவில்லையென்றால் போகலாம். நாளாக நாளாக வாயைத் திறந்து சொல்லக்கூடத் தேவையில்லாமல் போயிற்று. நான் கையை நீட்டினால் எதிரில் இருக்கிறவன் நீட்டிவிடுவான்.

ஆரம்பித்த வாரத்திலேயே என் தம்பி மாட்டினான். ஊதச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக ஊதினான். அந்த வாடை. பின்னால் வரிசை முழுவதும் மூச்சு விடாமல் நின்றது, அக்கா என்ன செய்யப் போகிறாள் என்று. திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"ஏலே, உனக்கு அறிவிருக்கா? பிள்ளைத்தாச்சிய வீட்டுல வச்சுக்கிட்டு இந்தக் கருமத்தை அடிப்பியா?"

"தூசி நெஞ்சை அடைக்குதுக்கா. ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் சளி கழண்டு வருது. இம்புட்டுச் சத்தத்துல எட்டு மணி நேரம் நின்னு பாரு, உனக்குத் தெரியும்."

"நெஞ்சு அடைக்குதுன்னு புகையை விடுற மொத ஆளு நீதாண்டா."

அவன் மனைவி என்னைப் பார்க்காமலே சோறு போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவனிடம் அந்த வாடை வரவே இல்லை. வரிசையில் யாரிடமும் வரவில்லை. கைகள் மரக்கட்டைபோல் அசையாமல் நின்றன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மானேஜருக்கு அதைவிட. முதலாளியிடம் போய், நம் மில்லில் கஞ்சாவைச் சுத்தமாக ஒழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் என் டிஸ்பென்சரி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் ஷிப்ட் தொடங்கியதும் வருகிற காயங்கள் இப்போது டீ நேரத்தை ஒட்டி வர ஆரம்பித்தன. பெல்ட்டில் உரசிய முழங்கை, பஞ்சுப் பொதி கட்டிய தகரப் பட்டை கிழித்த கால், முட்டிக்கொண்ட நெற்றி. ஒருவன் நான் டிஞ்சர் வைக்க வைக்கச் சிரித்தான். டிஞ்சருக்கு அலறாத ஆம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை. வாயை முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. காலையில் நானே பார்த்து அனுப்பியவன். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு நாள், டீக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, கார்டிங்கில் கழிவுப் பஞ்சு கூட்டுகிற அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கோயில், விரதம் என்று இருக்கிறவள், வெற்றிலைகூடப் போடாதவள்.

"நர்ஸம்மா, நான் செத்துப் போறேன். நெஞ்சு அடிச்சுக்குது பாருங்க. வாயெல்லாம் காஞ்சு போச்சு. தரை மேல வருது."

சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்ததற்குப் பயந்து அழுதாள். நாடியைப் பிடித்தால் ஓட்டமாய் ஓடியது. பெஞ்சில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல தாயி. வெறும் வயிறு. வந்தவுடனே ஜன்னல்ல கொஞ்சம் வெல்லம் இருந்துச்சு, அதைத்தான் எடுத்து வாயில போட்டேன்."

பஞ்சுத் தூசி தொண்டையில் தங்காமல் இருக்க, கார்டிங் ஆட்களுக்கும் புளோ ரூம் ஆட்களுக்கும் மில்லே தினமும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுக்கும். அந்த வெல்லம். முதல் நாள் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் கஞ்சாவை அரைத்துப் பிசைந்திருக்கிறார்கள். புகைத்தால் கேட்டில் வாடை அடிக்கும், தின்றால் அடிக்காது. புகைத்தால் உடனே ஏறும். தின்றால் வயிற்றுக்குள் போய்ச் சாவகாசமாக ஏறும். கேட்டில் கை நடுங்காமல் நிற்கும், மெஷினுக்கு முன்னால் போன பிறகு தலை சுற்றும். நாங்கள் சோதனை போட்டு ஒழித்த லட்சணம் இதுதான். வெளியே ஏறி வெளியே நின்றுகொண்டிருந்த போதையை, நேரம் பார்த்து மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

"எந்த ஜன்னல்லம்மா?" என்றேன்.

"கடைசி மெஷினு. உங்க தம்பி பாதியத் தின்னுபுட்டு மீதிய வச்சிருந்தாப்ல. மில்லு வெல்லந்தானேன்னு எடுத்துட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் தின்றிருக்கிறார்கள். இவளுக்கு இப்போது தரை மேலே வருகிறதென்றால் அவனுக்கு?

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மில் முற்றத்தில் நர்ஸ் ஓடுவதைப் பார்த்து வாட்ச்மேன் எழுந்து நின்றான். கார்டிங் கதவைத் தள்ளியதும் சத்தம் முகத்தில் அறைந்தது. பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காத சத்தம். கடைசி மெஷினில் என் தம்பி மூடியைத் திறந்து வைத்துக் குனிந்து நின்றான். அடைத்த பஞ்சை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாய்க்கால் தண்ணீரில் கையை அளைகிறவன் மாதிரி, அவ்வளவு நிதானம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தடி தூரத்தில் நின்றுவிட்டேன். என்ன செய்வது? கூப்பிட்டால் கேட்காது. பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கை உள்ளே போகும். சுவரில் எல்லா மெஷினுக்குமான மெயின் சுவிட்ச் இருந்தது, என் கைக்கு எட்டும் தூரம்தான். கையைத் தூக்கிவிட்டு இறக்கினேன். அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பான். நினைத்ததும் முழங்கை வரை விட்டு வாருவான், உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது. அந்தப் பழக்கம் துணியில் சுற்றி என் மேஜைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி அந்தக் கோடியில் யாருடனோ கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். இவனைத் தோளில் போட்டுத் தூக்கி வளர்த்தேனே என்று அழுகை வந்தது. அழ நேரமில்லை.

மெஷினைச் சுற்றிக்கொண்டு, அவனுக்கு நேர் எதிரே, அவன் கண்ணில் படுகிற இடத்தில் மெதுவாகப் போய் நின்றேன். அவன் நிமிரும் வரை காத்திருந்தேன். நிமிர்ந்தான். கை இன்னும் உள்ளேதான் இருந்தது. கேட்டில் தினமும் செய்வதுபோல் என் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினேன்.

என்னையே பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியவில்லை. பிறகு அவன் வலது கை பஞ்சோடு வெளியே வந்தது. இடது கையும் வந்தது. உள்ளங்கை கீழே இருக்க இரண்டையும் எனக்கு நேராக நீட்டினான். இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, என் பலம் முழுவதையும் சேர்த்து அவனை அங்கிருந்து இழுத்தேன். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

"என்னக்கா, இங்கயுமா?"

அறைந்தேன். அதுவும் போதவில்லை என்று இன்னொன்று. அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

மானேஜர் அறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம், ஜன்னல், அந்த அம்மாள், டீ நேரத்துக் காயங்கள். கேட்டில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, மெஷின் பக்கத்தில் நடு ஷிப்டில் பார்க்க வேண்டும், வெல்லத்தை மேஸ்திரி கண் முன்னாலேயே தின்ன வைக்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உங்க தம்பி தானுங்களே? ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க. வெல்லச் சமாச்சாரம் நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க. முதலாளிகிட்ட சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிட்டனுங்க."

"ரெண்டு நாள் கழிச்சு அதே மெஷின்லதானே நிப்பான்?"

"நடு ஷிப்டுல சோதனைன்னா, உங்க தம்பியிலிருந்துதான் ஆரம்பிக்கோணும். மெஷினுக்கு முன்னாடி போதையில பிடிச்ச ஆளுக்கு மூணு தடவைக் கணக்கெல்லாம் கிடையாதுங்க. இன்னைக்கே வெளிய போவோணும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். வீட்டில் வயிறு தள்ளி உட்கார்ந்திருந்தவளை நினைத்தேன். இந்த வேலைக்காக நான் இதே அறை வாசலில் எத்தனை நாள் நின்றேன் என்றும் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும், அந்த உருளை உட்பட.

"ஆரம்பிங்க சார்" என்றேன்.

மறுநாளே வெல்லம் மேஸ்திரி கையிலிருந்து நேராக வாய்க்குப் போயிற்று. நடு ஷிப்டில் சொல்லாமல் கொள்ளாமல் நான் உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். யூனியன்காரர்கள் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் காறித் துப்பினார்கள். டீ நேரத்துக் காயங்கள் குறைந்தன. அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது தம்பிக்குப் போதை முழுவதும் தெளிந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினான்.

"கூடப் பொறந்தவளாடி நீ? உன்னால என் சோறு போச்சுல்ல!"

எனக்கும் கோபம் தலைக்கு ஏறியது. "பிசைஞ்சு திங்கக் கை இருக்குல்லடா? அது போதும், தின்னு" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி தட்டில் சோற்றைப் போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை ஓரத்தில் வைத்து, அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க அண்ணி" என்றாள்.