பெட்டி வந்த சேதி

ரூபியைத் தெரிந்தவர்கள் அவளை வாயாடி என்பார்கள். வெள்ளக்கடையில் பஸ் ஏறும்போது ஆரம்பிக்கிற பேச்சு ஏற்காட்டில் இறங்கியும் முடியாது. பக்கத்து சீட்டுக்காரர்கள் தூங்குவது போல நடித்துத்தான் தப்பிப்பார்கள். அப்படிப்பட்டவள், தான் வேலை பார்க்கிற அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறைக்குள் நுழைந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள்.

ஏரிக்குப் போகிற வழியில் ஒரு பழைய காப்பித் தோட்ட பங்களாவில் இருக்கிறது அந்தச் சின்ன அருங்காட்சியகம். கூட்டித் துடைப்பது அவள் வேலை. முதல் அறையில் காப்பிப் பழம் தோலுரிக்கும் எந்திரம், இரண்டாவதில் யாரோ பாதிரியாரின் டைப்ரைட்டர். மூன்றாவதில், கண்ணாடிக்குள், அவள் அண்ணன் ஜெப்சனின் கிடார். எலெக்ட்ரிக் கிடார்தான். ஆனால் இப்போது பையன்கள் தோளில் மாட்டித் திரிகிற பலகை மாதிரி இருக்காது. உள்ளே வெறும் கூடு, முகத்தில் வயலினுக்கு இருப்பது போல இரண்டு வளைந்த துளைகள், வெல்லப்பாகு நிறம். வயது எழுபதுக்குக் குறையாது என்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டிலுக்கடியில் கிடந்ததைப் போன வருஷம்தான் ஜெப்சன் தூக்கிக் கொடுத்தார்.

அது வந்த வாரம், ரூபி அங்கே நின்றபடி, "ஜெஸ்லின் கண்ணு, தண்ணி நின்னுபோச்சு!" என்று கத்தினாள். கண்ணாடிக்குள்ளிருந்து கிடார் முனகியது. யாரும் தொடவில்லை. ரூபி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் ஜெஸ்லின் ஓடி வந்து சிரித்தாள். "பயப்படாதீங்கம்மா. உள்ள கூடுங்களா, உங்க குரல் கம்பியோட சுதிக்கு ஒத்துப்போனா தானா அதிரும். யாரு கத்துனாலும் அப்படித்தான்."

காரணம் புரிந்தது, பயம் போகவில்லை. தன் குரலைக் கிடாருக்கு அடையாளம் தெரிகிறது என்றே ரூபி நினைத்தாள். அந்தக் குரல் செய்த காரியம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அப்பா இல்லை. அண்ணன் பெங்களூரில் ஓட்டல்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. காமாலையில் படுத்திருக்கிறார் என்று யாரோ சொல்லி, அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வேலுசாமி ரூபியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்கண்ணன் பெட்டி வந்திருக்குதுங்க. மேல கட்டியிருக்கேன், எறக்கறதுக்கு ஆளக் கூட்டியாங்க. அவரு சேலத்துல ஒரு கல்யாணத்துக்கு நின்னுட்டாரு, நாளைக்கு வாறாராம்."

கிடார் வைக்கிற நீளமான கறுப்புப் பெட்டி அது. ரூபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஒரே ஓட்டம். வாசலில் அம்மா காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மேட்டிலிருந்தே ரூபி கத்தினாள்: "அம்மா, அண்ணன் பெட்டி வந்திருச்சு! எறக்க ஆள் வேணுமாம்!"

துணி வைப்பதும் பெட்டிதான், கிடார் வைப்பதும் பெட்டிதான், பிணம் வைப்பதும் பெட்டிதான். ஆனால் வேதக்காரக் குடும்பத்தில், அதாவது கிறிஸ்தவர் வீட்டில், நோயில் கிடக்கிற பிள்ளையின் பேரைச் சொல்லி, பெட்டி வந்திருக்கிறது, இறக்க ஆள் வேண்டும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "எத்தன பேரு வேணுமாம்?" என்று கேட்டாள்.

ரூபி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "ரெண்டு பேரு போதும்மா. கனமே இருக்காது."

"அத்தன எளச்சுட்டானா எம் பையன்?" என்றாள் அம்மா. அப்படியே காப்பிக்கொட்டை மேல் சாய்ந்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரி, எல்லாரும் அதையே காரணமாகச் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் ஜெப்சன் வந்து, என்ன ஆச்சு என்று கதறியபோது, "உங்கள எதிர்பாத்து எதிர்பாத்தே போயிட்டாங்ணா" என்று ரூபி சொன்னாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அதற்கப்புறம் ஜெப்சன் கிடாரைத் தொடவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராகச் சேர்ந்து, கல்யாணம் கட்டாமல், அப்படியே ரிட்டயர் ஆனார்.

போன மாதம் கிடாருக்குப் பக்கத்தில் வைக்கிற குறிப்புக்காக ஜெஸ்லின் அவரை வரச் சொன்னாள். கடைசிக் கேள்வியாக, ஏன் வாசிப்பதை விட்டீர்கள் என்று கேட்டாள்.

"எழுதிக்கங்க," என்றார் ஜெப்சன். "சிநேகிதன் கல்யாணத்துல பிரியாணி திங்க ஒரு நாள் நின்னேன். அந்த ஒரு நாள் தாங்காம எங்கம்மா ஏங்கிச் செத்துப்போச்சு. நாந்தான் கொன்னேன்."

ஜெஸ்லின் எழுதினாள். வாசலில் துடைக்கிற துணியோடு நின்றிருந்த ரூபிக்கு அந்தப் பேனாச் சத்தம் தாங்க முடியவில்லை. தான் சொன்ன பொய் இனி கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும், அண்ணன் அந்தப் பழியோடே சாவார். அவள் உள்ளே வந்தாள்.

"எழுதாத கண்ணு," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி என்று கத்தியதை, எத்தனை பேர் என்று அம்மா கேட்டதை, தான் சிரித்ததை. அவள் குரல் உயர்ந்தபோதெல்லாம் கம்பிகள் அதிர்ந்தன, அவள் நிறுத்தவில்லை.

அண்ணன் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். தலையில் இருந்த பாரம் இறங்கியதென்று அவர் அழுதாலும் அழுவார் என்று ஓர் ஆசையும் இருந்தது.

"அப்ப, நாஞ் செத்துப்போயிட்டேன்னு நெனச்சுட்டேதான் போச்சா அம்மா?" என்றார் ஜெப்சன்.

"ஆமாங்ணா."

"பரலோகம் போனா நான் அங்க இருப்பேன்னுதான கண்ண மூடியிருக்கும்." அவர் கண்ணாடிக்குள் இருந்த கிடாரைப் பார்த்தார். "நான் அங்க இல்லியே புள்ள. நாப்பத்தியொரு வருசமா ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்து என்னையத் தேடிக்கிட்டு இருக்குமே."

ரூபி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நா முந்திப் போயி அம்மாகிட்டச் சொல்லிப்போடறேனுங்ணா."

ஜெப்சன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"நீ சேதி சொன்னது போதும் புள்ள," என்றார். "இந்தத் தடவ நானே போயிக்கறேன்."