கிலோவுக்கு நூற்றிருபத்தொன்பது கிராம்

சோப்புக்காரரைப் பார்த்துக்கொள்ள நான் போனபோது, அவருக்கு வலது பக்கம் செயலிழந்து நான்கு மாதமாகியிருந்தது. வாய்க்கு மட்டும் பழுதில்லை. வெந்நீர் சுட்டாலும் திட்டுவார், ஆறினாலும் திட்டுவார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வெளியூரிலிருந்து மகள் என் செல்லுக்குக் கூப்பிடுவாள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று இரண்டே கேள்வி. வைத்துவிடுவாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கமும் காதை என் பக்கமும் வைத்திருப்பார்.

"என்னைக் கேட்டாளா?"

"உங்க மாத்திரையைக் கேட்டா."

ஆறு வருடத்துக்கு முன், தேங்காயெண்ணெய் கிடைக்காமல் அப்பாவும் மகளும் கடலை எண்ணெயில் சோப்பு போட்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் கிலோவுக்கு நூற்றெண்பத்து மூன்று கிராம் காஸ்டிக் சோடா கேட்கும். கடலை எண்ணெய்க்கு நூற்று முப்பத்தாறு போதும். அதற்கு மேல் போட்டால் சேர எண்ணெய் இருக்காது; காரம் அப்படியே நிற்கும். மகள் சொல்லியிருக்கிறாள். "முப்பது வருஷமா இதான் அளவு. நீ எனக்குக் கணக்கு சொல்லாதே" என்று பழைய அளவையே போட்டார். கட்டியைத் துண்டு போட்டவள் அவள். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின. கையுறை போடாதது உன் தப்பு என்றார். அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஒருநாள், "நர்ஸம்மா, அந்தத் தராசை எடுங்க" என்றார்.

முகமூடி, கையுறையோடு நின்றேன்.

"காரத்தைத் தண்ணில போடுங்க. தண்ணியைக் காரத்துல ஊத்தினா ரெண்டு பேருக்கும் மூஞ்சி இருக்காது."

"உங்களுக்கு இருந்து என்ன ஆகப்போகுது?"

அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஒரு கிலோ கடலை எண்ணெய்க்கு நூற்று முப்பத்தாறு நிறுத்தேன். "அதுல ஏழு கிராம் எடுத்துருங்க. எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாத்தான் கை எரியாது. அவ அப்பவே சொன்னா." இடது கையாலேயே முக்கால் மணி நேரம் கிண்டினார். விடச் சொன்னேன், விடவில்லை.

சோப்பு ஆறு வாரம் காய்ந்தது. தன் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டியை மகளுக்கு அனுப்பச் சொன்னார்.

"ஒரு வரி எழுதுங்களேன்."

"என்னத்த எழுத? தேய்ச்சா தெரியும்."

அடுத்த ஞாயிறு அதே இரண்டு கேள்விதான். அவர் அன்று சாப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவதாக ஒன்று கேட்டாள். "எவ்வளவு காரம் போட்டாரு?"

நான் போனை அவர் காதில் வைத்தேன்.

"கிலோவுக்கு நூத்திருபத்தொம்பது" என்றார்.

அவள் சொன்னது எனக்கும் கேட்டது: "சரியான அளவுப்பா."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை. அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மாத்திரைக்கு நேரமானதால் நான்தான் வாங்கி வைத்தேன்.