கடல் பாம்பின் எச்சில்

எங்களில் அப்போதெல்லாம் புருஷன் சாப்பிட்ட இலையில்தான் பெண்சாதி சாப்பிடுவாள். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்த எனக்கு அது கிடைக்கவில்லை. அவர் சாப்பிட்டதும் இலையைத் தாமே சுருட்டிக்கொண்டுபோய் வெளியே எறிந்துவிடுவார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

அவருக்குப் பாம்பு விஷத்தை ஆராய்கிற ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வேலை. காலையில் தஞ்சோங் தோக்கோங் கடற்கரைக்குப் போய், மலாய்க்காரர் வலையில் சிக்கிய கடல் பாம்புகளை ஈரச் சாக்கில் வாங்கி வருவார். ஒருநாள் குடை கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். கிண்ணத்தின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, பாம்பை அதைக் கடிக்கவிட்டு, கண்ணுக்குப் பின்னால் விரலால் அமுக்கினார். துணிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியது.

"பயப்படாத புள்ள. இதுதான் விஷம். இதுவும் எச்சில் மாதிரிதான். புளியைப் பாத்தா நமக்கு ஊறுதுல்ல? அதுக்குக் கன்னத்துக்குள்ள பை இருக்கு, அங்க ஊறுது" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா என்னை விடமாட்டாள். "என்ன தங்கச்சி, இன்னிக்கும் உனக்குப் புது இலையா? மகாராணிதான் லா நீ" என்று பினாங்குப் பேச்சில் இழுப்பாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுவேன்.

ஒரு மத்தியானம் அவர் சுருட்டப்போன இலைமேல் கையை வைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட பைத்தியம். எவ்வளவு கழுவினாலும் நகத்துல விஷம் ஒட்டியிருக்குமோன்னு பயம். அதான்."

"நீங்க அந்தக் கையாலதானே சாப்பிடுறீங்க?"

"எனக்குப் பழகிப்போச்சு. வயித்துக்குள்ள போனா ஒண்ணும் பண்ணாதுன்னு தொரை சொல்றாரு. வாயில புண்ணு இருந்தாத்தான் ஆபத்தாம்."

"எனக்குப் புண்ணு இல்லீங்க."

"எங்க, ஆ காட்டு."

வாசல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, தாடையைப் பிடித்து, பாம்பின் வாயைப் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை நான் பகலில் பார்த்ததில்லை.

"கன்னத்தைக் கடிச்சு வச்சிருக்க. ஆறட்டும். அப்புறம் இலையை விட்டுட்டு எந்திரிக்கிறேன்" என்றார்.

அதன்பிறகு எந்நேரமும் நாக்கால் தடவிப் பார்ப்பேன். தடவத் தடவ ஆறுமா? அதற்குள் டாக்டருக்கு ரங்கூனுக்கு மாற்றல் வந்தது. இவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். அங்கே இவர் காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்திதான் திரும்பி வந்தது.

அவர் கப்பலேறிய வாரமே புண் ஆறிவிட்டது. மிளகு ரசம் குடித்துப் பார்த்தேன், எரியவில்லை. வந்ததும் முதலில் இதைச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன்.