நந்தியின் இன்னொரு காது

பேய், ஆவி என்று யார் கதை ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுகிற பொம்பளை நான். சிவனைக் கும்பிடுகிறேன், எனக்கு எதற்கு அந்தப் பயமெல்லாம்? ஆனால் திருவொற்றியூரில், என் வீட்டுக் கூடத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில் என் காதால் கேட்டது இது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

நாம் பேசினால் பதில் பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றை என் மகன் சங்கர் வாங்கி வந்தான். பாட்டுப் போடு என்றால் போடும். அதற்காக நாள் முழுக்க வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்குமாம். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

"நம்ம வூட்ல இன்னாம்மா ரகசியம் கீது? கேட்டா கேட்டுக்கினு போவுது."

"அப்ப பாத்ரூமுக்கு இன்னாத்துக்குடா தாப்பா போடுற?"

மருமகள் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததோடு சரி, ஸ்பீக்கர் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆயுத பூஜைக்கு நானே அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். வீட்டுப் பொருளாயிற்றே.

அப்புறம் செல்விக்கு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே ஒன்று தங்காமல் போன வயிறு. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே தெரிந்தால் கண்ணு பட்டுவிடும் என்று வாய்க்குப் பூட்டுப் போட்டோம். அந்தக் கூடத்தில் அதைப் பற்றி மூச்சே விட்டதில்லை, மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவோம்.

பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனேன், போனை வீட்டில் வைத்துவிட்டு. நந்தியின் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டுதான் மறு காதில் வேண்டுதலைச் சொல்ல வேண்டும், சொன்னது அந்தப் பக்கமாக வெளியே போய்விடாமல் இருக்க. அன்று ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கையில் பால் சொம்பு. பின்னால் ஒருத்தி, "அக்கா, சீக்கிரம் சொல்லுக்கா" என்று அவசரப்படுத்துகிறாள். பொத்தாமலே சொல்லிவிட்டேன்.

"செல்வி வயித்துல கீற உசுரை இந்தத் தபா காப்பாத்திக் குடு சாமி."

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு மேரி கூடத்தில் உட்கார்ந்து செல்வியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் விளக்கை ஏற்றினேன். கரண்டே இல்லாத அந்த ஸ்பீக்கரில் நீல வெளிச்சம் ஒரு சுற்று சுற்றியது. அதிலிருந்து வந்தது வழக்கமாக அது பதில் பேசுகிற குரல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், என் குரல். நந்தியிடம் சொன்ன அதே கிசுகிசுப்பு, 'இந்தத் தபா' உட்பட.

"ஐய, செல்வி! சொல்லவே இல்ல?" என்றாள் மேரி.

செல்வி இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை, கோபம். "சாமியாண்ட சொன்னத வெளிய சொல்ல நீ யாரு?" என்று வயரைப் பிடுங்கினேன். அப்படியும் அது நிற்கவில்லை. அலமாரியை ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வேறொரு பெண்ணின் வேண்டுதல், அழுகையோடு. நந்தி காதைப் பொத்துவதுபோல அதைக் கையால் பொத்தினேன். அப்போதுதான் அடங்கியது.

பேத்தி பிறந்தாள், அவன் அருளால் நன்றாக இருக்கிறாள். உள்ளே பேட்டரி இருந்திருக்கும் என்கிறான் சங்கர். கோயிலில் சொன்னது பேட்டரிக்கு எப்படித் தெரியுமாம்? அந்த மாதிரி ஒன்று இனி என் வாசற்படி ஏறாது, யார் சிரித்தாலும் சரி.

அந்தப் பெண் என்ன வேண்டினாள் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அது அவளுக்கும் சாமிக்கும். ஆனால் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நான் காதைப் பொத்திக்கொண்டு குனியும்போது, ஸ்பீக்கரில் அழுத அதே குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது:

"அக்கா, சீக்கிரம் சொல்லுக்கா."

நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை.