நான் அழித்த ஒரு வரி

ஒற்றை பீப். எந்த அலுவலகத்திலாவது பழைய கம்ப்யூட்டர் ஒன்று அந்தச் சத்தத்தோடு கண் திறந்தால் இன்றும் கைவேலையைப் போட்டுவிட்டு அந்தத் திரையைத் திரும்பிப் பார்க்கிறேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளையாய் இரண்டு வரிகள், ஒன்று பழசு, ஒன்று புதுசு. எதற்குள் போகிறாய் என்று முப்பது விநாடி காத்திருக்கும் திரை.

சுனாமி அலை வந்துபோன மறுவருஷம். எனக்குப் பத்து வயது. மரக்காணம் உப்பளத்தில் அண்ணன் மேஸ்திரி. அம்மா அதே அளத்தில் உப்பு வாரும் கூலி. ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை முதலாளி அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். அதிலிருந்த விண்டோஸ் தொண்ணூற்றெட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புது எக்ஸ்பியையும் போட்டுக்கொண்டான் அண்ணன். அதனால்தான் திரையில் அந்த இரண்டு வரிகள். பாட்டு, சீட்டாட்டம் எல்லாம் புதுசில். பழசின் பக்கம் அவன் எட்டிப் பார்ப்பதில்லை. அதனாலேயே அக்கா பழசுக்குள் போய் உட்கார்ந்தாள். டைப்பிங் கிளாஸ் போய்வந்த கை, தட்டிக்கொண்டே இருக்கும்.

அலை கொட்டிவிட்டுப் போன சேற்றைப் பாத்தியிலிருந்து வாரும்போது உடைந்த படகின் ஆணி, அம்மாவோடு கூலிக்குப் போன பெரியம்மாவின் காலில் ஏறியது. அந்தக் காலோடு ஒன்பது நாள் உப்புத் தண்ணீரில் நின்றாள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டில் குத்திக்கொண்டது, அளத்துக்குச் சம்பந்தமில்லை என்றார் முதலாளி. பார்த்தவர்கள் பதினோரு பெண்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, பெயர்களோடு அக்கா பழசுக்குள் டைப் அடித்துவைத்தாள். முதல் பெயர் அம்மாவுடையது. நஷ்டஈடு கேட்டு அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவில் அந்தப் பெயர்கள் கிடையாது. விசாரணை அன்று பதினோரு பேரும் ஒன்றாகப் போய் நிற்பதாக ஏற்பாடு. அதுவரை யார் யார் என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது. இதெல்லாம் நான் பிற்பாடு கோத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா ஏதோ தட்டுகிறாள் என்பதுதான்.

மனுவைக் கொடுக்கப் போன மதியம், அடுத்த வீட்டு போனில் கூப்பிட்டாள்.

"பக்கத்துல யாருனா இருக்காங்களா பாப்பா?"

"மாமா நிக்கிறாரு." அந்த வீட்டு மாமாவும் அளத்து ஆள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பழசு இருக்குதுல்ல, அத எடுத்துடு. அண்ணன் வர்றதுக்குள்ள. சுத்தமா எடுத்துடணும், இன்னா? ஒனக்குத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே!"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு வரிகளும் ஒரு சின்னஞ்சிறு ஃபைலில் இருந்தன. எப்போதோ விளையாட்டாய் அக்காவே திறந்து காட்டியிருந்தாள். பழசின் வரியை அழித்தேன். நிறுத்திப் போட்டேன். பட்டியலே வரவில்லை, நேரே புதுசு. இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். இல்லை, இல்லவே இல்லை! பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, வீட்டையே இடித்துவிட்டதாக இடுப்பில் கைவைத்து நின்றேன்.

சாயங்காலம் அண்ணன் வந்து உட்கார்ந்தான்.

"ஏய், இன்னாடி இது, நேரா உள்ள போவுது?"

"பழச நான் எடுத்துட்டேன்."

"பார்றா! மெக்கானிக்கம்மா! யாரு சொல்லி எடுத்த?"

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா போன்ல சொல்லிச்சு. நீ வர்றதுக்குள்ள எடுக்கணும்னு சொல்லிச்சு."

சிரிப்பு நின்றது. புதுசுக்குள் இருந்தபடியே பழசின் டிரைவைத் திறந்தான். எல்லாம் இருந்தன. ஒரு எழுத்துக்கூடச் சாகவில்லை. உதடு அசைய அசையப் படித்தான். முதல் பெயரில் வெகுநேரம் நின்றான். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுப் பக்கம் நடந்தான். நாங்கள் குடியிருந்ததே முதலாளியின் இடம். அண்ணன் கெட்டவனில்லை, பயந்தவன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், புடவை ஒரு பக்கம் தொய்ந்து கிடக்க, பெரியம்மா. ஒவ்வொருத்தியாய் உள்ளே போனார்கள். "பாக்கலீங்க." "நான் இல்லீங்க." "தெரியாதுங்க." ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியாக அம்மா. பெரியம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நான் அன்னிக்கு வேற பாத்தியில இருந்தேங்க."

என் மனசு குளிர்ந்துவிட்டது. யாருமே பார்க்கவில்லை. அம்மாவே பார்க்கவில்லை. அப்படியானால், அண்ணனின் சிரிப்பு நின்றதிலிருந்து நான் பயந்ததுபோல, என்னால் ஒன்றும் கெட்டுவிடவில்லை! அன்று வயிறாரச் சோறு தின்றேன். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று அக்கா திருப்பூர் மில்லுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப அம்மா வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஈசிஆர் ரோடு வரைக்கும் நான்தான் போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அம்மாதான் பாக்கவே இல்லியேக்கா. அப்புறம் எதுக்கு நீ கோச்சிக்கினு போற?"

பஸ் உறுமியது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தாள்.

"அம்மா பாத்துச்சு பாப்பா. அந்த ஆணியப் புடுங்கினதே அம்மாதான்."