சீதாராமன் பார்த்து வாங்கிய வேலி

வனஜாவின் கணவர் சீதாராமன், வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் மரச் சரக்கைச் சோதித்து வாங்கும் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகும் இருவரும் ஊர் திரும்பாமல், அங்கேயே சால்ட் லேக்கில் ஒரு தரைத்தள வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு மறதி நோய் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு முறை வீட்டை விட்டுப் போய்விட்டார். இரண்டாம் முறை கருணாமயி பஸ் நிறுத்தத்தில் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதாம்.

முன்பக்கம் இருந்த மூங்கில் தட்டியைக் கரையான் பாதி தின்றிருந்தது. பக்கத்து வீட்டு தீப்தி, "ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிடு, பௌதி" என்று வங்க மொழியில், அண்ணி முறை வைத்து யோசனை சொன்னாள். வனஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த பொழுதுபோக்கு. இடைவெளி விட்டு அடித்த மரவேலி போதும் என்று தீர்மானித்தாள்.

தனியே விட்டுப்போக முடியாததால், மரக்கடைக்கு அவரையும் கூட்டிப் போனாள். கடைக்காரர் பச்சை நிறமேறிய பலகைகளைக் காட்டினார். அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றிய மரம், மழைக்கும் கரையானுக்கும் அசையாது என்றார். வனஜா தலையாட்டிக்கொண்டிருந்தபோது சீதாராமன் ஒரு பலகையைத் தட்டினார்.

"இதை அறுக்கச் சொல்லு. ஓரத்துல வேண்டாம், ஒரு அடி தள்ளி."

வனஜா இந்தியில் சொல்ல, கடைக்காரர் வேண்டாவெறுப்பாக அறுத்தார். பச்சை மேலோடு நின்றிருந்தது; நகத்தின் கனத்துக்குக்கூட உள்ளே இறங்கவில்லை.

"மேல பூசியிருக்கான். மருந்து உள்ள போகலை," என்றார் சீதாராமன். பேரனின் பெயர் அன்று காலையில்கூட அவருக்கு நினைவு வரவில்லை.

கடைக்காரர் பின்கட்டிலிருந்து வேறு பலகைகளை எடுத்து வந்தார். நான்காவதாக அறுத்ததைத்தான் சீதாராமன் ஒப்புக்கொண்டார். மண்ணுக்குள் போகும் கால்களுக்கு இன்னும் கூடுதலாக மருந்தேறிய மரம் வேண்டும் என்று அதையும் தனியாகப் பொறுக்கினார். வீட்டில் தச்சர் வேலி அடித்த இரண்டு நாளும் கூடவே நின்று, அறுத்த முனைகளுக்கெல்லாம் மருந்து தடவ வைத்தார். துருப்பிடிக்காத ஆணியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வனஜா உடனே பெயிண்ட் வாங்கி வந்தாள். "மருந்தோட ஈரம் இன்னும் காயலை. இப்ப அடிச்சா உரிஞ்சுடும்," என்று டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பிறகு தினமும் டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய்ப் பலகையில் தெளிப்பார். துளி உள்ளே இறங்காமல் முத்துப்போல நிற்கும். "இன்னும் காயலை வனஜா," என்று வந்து சொல்வார். சில நாள் ஒரே காலையில் மூன்று தடவை சொல்வார். மூன்று தடவையும் அவள், "சரிங்க, பொறுப்போம்," என்பாள். ஏழாவது வாரம் துளியை மரம் குடித்துவிட்டது. அன்று இருவருமாகப் பெயிண்ட் அடித்தார்கள்.

தீப்தி சாமந்தி வைப்பதற்காக வேலிக்காலில் மண்ணைக் குவித்தாள். மண் பட்டால் பலகை உளுத்துவிடும் என்று அவர் அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார். அவள் மறுபடி குவிப்பாள். கடைசியில் அவளே தொட்டிக்கு மாறினாள்.

மழைக்காலம் முடிந்து பூஜைத் திருவிழா நெருங்கிய ஒரு மாலை, வனஜா மருந்துக்கடையிலிருந்து திரும்பியபோது கேட் திறந்து கிடந்தது. வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தீப்தி, சிலிண்டர் கொண்டுவந்த கியாஸ்காரரோடு உள்ளே போன நேரம் அது. வாசலில் அவர் உட்காரும் நாற்காலி காலி.  பஸ் நிறுத்தத்துக்கு ஓடப் போன வனஜா, வேலியின் மூலையில் ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டு நின்றாள்.

தெருப்பக்கம் குந்தி உட்கார்ந்து, மழையில் பலகையில் படிந்த பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் சீதாராமன்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"உள்பக்கம் மட்டும் தேய்ச்சா போதுமா?" என்றார் அவர், திரும்பாமலே. "போய் வாளியில தண்ணி கொண்டா."

வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரோடு இன்னொரு பிரஷ்ஷும் எடுத்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.